பிரிட்டன் போன பிறகு நெதர்லாந்து யார் பக்கம் சாய்வது?

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியதும், மிஞ்சிய 27 நாடுகளின் வாக்கு எடையும் கூடியது. கணக்கிலிருந்து 6.6 கோடிப் பேர் கழிந்தால் மற்றவர்களின் விகிதம் தானாக ஏறத்தான் செய்யும். ஆனால் எடை கூடியும் பிடி தளர்ந்த நாடுகள் சில உண்டு. அவற்றில் முதலில் சொல்லவேண்டியது நெதர்லாந்து.

பிரெக்சிட்டைப் படிக்கிறவர்களும் அதை வைத்து விவாதிக்கிறவர்களும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி இது: கூட்டாளியை இழந்த நடுத்தர நாடு ஒன்று இனி என்ன செய்யவேண்டும்? ஜெர்மனியின் நிழலில் நிற்பதா? சிறிய நாடுகளைத் திரட்டுவதா? எதிரணியிலேயே துணை தேடுவதா? ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்தை நம்புவதா? வீட்டோவை, அதாவது தனியாக நின்று தடுக்கும் உரிமையை, கையில் எடுப்பதா? "இனி ஜெர்மனி ராஜ்ஜியம்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் பலர். அந்த வரி பாதிதான் சரி, ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நெதர்லாந்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனை உள்ளே கொண்டுவர அதிகம் பாடுபட்ட நாடுகளில் அதுவும் ஒன்று. உறுப்பு நாடுகளை ஓர் அரசியல் ஒன்றியமாக இணைக்க பிரான்ஸ் முன்வைத்த ஃபூஷே திட்டம் 1962இல் முடங்கியதற்கு நெதர்லாந்தும் பெல்ஜியமும் காட்டிய எதிர்ப்பு ஒரு முக்கியக் காரணம். பிரிட்டன் இல்லாத அரசியல் ஒன்றியத்தில் பாரிஸின் கை ஓங்கிவிடும் என்ற அச்சம் அந்த எதிர்ப்புக்குள் இருந்தது. பிரெஞ்சு அதிபர் டி கோல் 1963இலும் 1967இலும் பிரிட்டனுக்குக் கதவை அடைத்தார். 1973இல்தான் அது உள்ளே வந்தது. அன்று நெதர்லாந்து அரசு அமர்ந்திருக்கும் ஹேக் நகரம் எதற்காக பிரிட்டனைக் கேட்டதோ, அந்த எதிர்எடைதான் 47 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே போனது.

## முதலில் வாக்குக் கணக்கு

அமைச்சர்கள் மன்றத்தில் பெரும்பாலான சட்டங்கள் 'தகுதிப் பெரும்பான்மை'யில் நிறைவேறுகின்றன. ஆணையம் கொண்டுவரும் முன்மொழிவு என்றால் 55 சதவீத நாடுகளும், ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதத்தைக் கொண்ட நாடுகளும் ஆதரிக்கவேண்டும். தடுக்க நினைப்பவர்கள் குறைந்தது 4 நாடுகளைச் சேர்த்து, மக்கள்தொகையில் 35 சதவீதத்தைத் தாண்டவேண்டும். விளையாட்டு முழுவதும் இந்த 35ஐச் சுற்றித்தான்.

வெளியேறிய காலத்து மக்கள்தொகையை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது (சதவீதத்தில்):

| | 28 நாடுகள் இருந்தபோது | 27 நாடுகள் ஆனபின் |
|---|---|---|
| ஜெர்மனி | 16.2 | 18.6 |
| பிரான்ஸ் | 13.1 | 15.0 |
| நெதர்லாந்து | 3.4 | 3.9 |
| வடக்கு அணி: ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து, அயர்லாந்து, 3 பால்டிக் நாடுகள் (முன்பு பிரிட்டனும்) | 41 | 32 |
| தெற்கு அணி: பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ் | 38 | 44 |
| யூரோவுக்கு வெளியே இருந்த நாடுகள் | 33 | 23 |

நெதர்லாந்தின் வரிசையை மட்டும் பார்த்தால் அரை சதவீத ஆதாயம். நான்காவது வரிசைக்கு வந்தால் சேதம் தெரிகிறது. பிரிட்டன் இருந்தவரை வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று தடுக்க முடிந்தது. அதனால் இரு பக்கமும் பேசித் தீர்க்கவேண்டிய கட்டாயம் இருந்தது. பிரிட்டன் போனதும் தெற்கு இன்னும் மேலே ஏறியது, வடக்கு 35க்குக் கீழே இறங்கிவிட்டது. தனி நாட்டின் பங்கு கூடி அணியின் பலம் உடைவது என்பது இதுதான்.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்தபோது மலேசிய நாடாளுமன்றத்தின் 159 இடங்களில் சிங்கப்பூருக்கு 15, சபாவுக்கு 16, சரவாக்குக்கு 24. மூன்றும் சேர்ந்தால் 55, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் அந்த 55 ஒரு பூட்டாக இருந்தது. சிங்கப்பூர் போனபின் 144இல் 40 மட்டுமே மிஞ்சியது, 28 சதவீதத்துக்கும் குறைவு. சபாவும் சரவாக்கும் ஓர் இடத்தைக்கூட இழக்கவில்லை. பூட்டு மட்டும் போய்விட்டது.

எண்ணில் வராத இழப்பு ஒன்றும் உண்டு. மன்றத்தில் "முடியாது" என்று உரக்கச் சொல்லும் வேலையை பிரிட்டன் பார்த்துக்கொண்டது. வாக்கெடுப்புகளில் தோற்ற பக்கம் அதிகம் நின்ற நாடு அதுதான். அதே கருத்துள்ள நெதர்லாந்தும் ஸ்வீடனும் டென்மார்க்கும் வாய் திறக்காமலே பலன் பெற்றன, கெட்ட பெயர் லண்டனுக்குப் போனது. 2020க்குப் பிறகு அந்தக் கெட்ட பெயரைத் தாங்களே சுமக்கவேண்டி வந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து வழிகளையும் இந்தக் கேள்விகளால் உரசிப் பார்க்கலாம்.

- பெரும்பான்மை வாக்கில் அந்த வழி 35ஐ எட்டுமா?
- ஒருமித்த சம்மதம் தேவைப்படும் இடத்தில் அது உதவுமா? நீண்டகால பட்ஜெட், வரி, வெளியுறவு எல்லாம் இந்த வகை.
- தடுக்க மட்டும்தானா, அல்லது தான் விரும்பியதை நிறைவேற்றவும் உதவுமா?
- மறைவாகக் கொடுக்கவேண்டிய விலை என்ன?
- கூட்டாளி நாட்டில் ஆட்சி மாறினால் தாங்குமா?

இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

## வழி 1: ஜெர்மனியின் நிழல்

பார்த்தவுடன் சரி என்று தோன்றும் வழி. பெரிய எடை, அண்டை நாடு, ஒரே மாதிரியான சிக்கனப் பேச்சு. ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்தால் 22.5. வடக்கு அணியின் மற்ற எட்டு நாடுகளும் வந்தால் சுமார் 32. செக் குடியரசையும் கூட்டினால் 34ஐ ஒட்டி நிற்கும். போலந்து வந்தால்தான் 35ஐத் தாராளமாகத் தாண்டலாம். ஆனால் போலந்து ஒன்றிய நிதியில் கொடுப்பதைவிட அதிகம் பெறும் நாடு. சந்தை விதிகளில் வேண்டுமானால் வரும், செலவைக் குறைக்கும் பேச்சுக்கு வராது. ஆக, ஜெர்மனி பக்கத்தில் நின்றாலும் தடுப்புச் சுவர் முழுதாக எழும்பவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், ஜெர்மனிக்கு நெதர்லாந்தைவிட பிரான்ஸ் அதிகம் தேவை என்பது. 1963இன் எலிசே நட்புறவு ஒப்பந்தத்தை இரு நாடுகளும் 2019இல் ஆஹன் ஒப்பந்தமாகப் புதுப்பித்தன. 2020 மே 18 அன்று ஜெர்மனியின் ஏங்கலா மெர்க்கலும் பிரான்சின் இம்மானுவேல் மக்ரோனும் சேர்ந்து, பெருந்தொற்றிலிருந்து மீள ஒன்றியத்தின் பெயரில் கடன் வாங்கி 50,000 கோடி யூரோவை மானியமாகக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அதுவரை இப்படி எல்லா நாடுகளும் சேர்ந்து வாங்கும் பொதுக்கடனுக்கு எதிரான வரிசையின் தலையில் ஜெர்மனி நின்றிருந்தது. தலை நகர்ந்ததும் வால் அம்பலமானது. பிரிட்டன் இன்னும் உள்ளே இருந்திருந்தால் பெர்லின் இவ்வளவு எளிதில் திரும்பியிருக்குமா என்பது விவாதத்துக்கு உரியது. பாரிஸ் பக்கமாகத் தன்னை இழுப்பவர்களிடம் காட்ட "லண்டன் ஒத்துக்கொள்ளாது" என்ற சாக்கு பெர்லினுக்கு முன்பு இருந்தது, அன்று இல்லை.

ஜெர்மனியின் உள்கூட்டணி அரசியலும் சேர்ந்தே வரும். 2035க்குப் பிறகு புதிய கார்கள் கரியமில வாயு வெளியிடக்கூடாது என்ற சட்டம் பேசி முடிந்து, கடைசி ஒப்புதலுக்கு வந்திருந்தது. 2023இன் தொடக்கத்தில் பெர்லின் கூட்டணியிலிருந்த ஒரு கட்சியின் எதிர்ப்பால் ஜெர்மனியே அதை நிறுத்திவைத்தது. பெரிய கூட்டாளி மனம் மாறினால் சின்னவரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

இந்த வழி பொருந்துவது: ஒற்றைச் சந்தை, தொழில் விதிகள், வர்த்தகம் போன்ற, ஜெர்மன் ஏற்றுமதியாளர்களின் நலனும் ரோட்டர்டாம் துறைமுகத்தின் நலனும் ஒன்றாக ஓடும் விஷயங்களில்.

## வழி 2: சிறியவர்களின் அணி

2018 மார்ச்சில் எட்டு நாடுகளின் நிதியமைச்சர்கள் சேர்ந்து யூரோ மண்டலத்தின் எதிர்காலம் பற்றி ஓர் அறிக்கை விட்டார்கள்: நெதர்லாந்து, அயர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா. பத்திரிகைகள் இதைப் 'புதிய ஹன்சா அணி' என்றன. முன்னால் நின்றவர் நெதர்லாந்தின் நிதியமைச்சர் வோப்கே ஹூக்ஸ்ட்ரா. (யூரோவின் எதிர்காலம் பற்றிப் பேசிய எட்டில் இரண்டு நாடுகள் யூரோவிலேயே இல்லை, பிரஸ்ஸல்ஸில் இதெல்லாம் சகஜம்.)

எட்டும் சேர்ந்தால் மக்கள்தொகையில் சுமார் 11 சதவீதம். பிரிட்டன் தனியாகவே 13 சதவீதம் வைத்திருந்தது. எட்டுத் தலைநகரங்களை ஒருங்கிணைக்கும் வேலை முழுவதையும் செய்து முடித்தாலும், போனவரின் இடம் நிரம்பாது. பெரும்பான்மை வாக்கு என்றால் இந்த வழி நிற்கவே நிற்காது.

ஆனால் ஒருமித்த சம்மதம் தேவைப்படும் மேசையில் கதை மாறுகிறது. அங்கே சதவீதம் செல்லாது. ஒரு நாடு போதும், நாலு நாடு என்றால் தைரியம் வரும். 2020 ஜூலை 17 முதல் 21 வரை பிரஸ்ஸல்ஸில் நடந்த உச்சிமாநாட்டில் நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க் என்ற 'சிக்கன நால்வர்' (பல இடங்களில் ஃபின்லாந்தும் கூட) இதைத்தான் செய்தார்கள். 75,000 கோடி யூரோ மீட்பு நிதியில் 50,000 கோடி மானியம் என்பது ஆணையத்தின் முன்மொழிவு. அது 39,000 கோடியாக இறங்கியது, மிச்சம் 36,000 கோடி கடன் ஆனது. நெதர்லாந்துக்கு ஆண்டுக்கு 192.1 கோடி யூரோ பங்களிப்புத் தள்ளுபடி கிடைத்தது. சுங்கவரி வசூலில் உறுப்பு நாடுகள் தமக்கென வைத்துக்கொள்ளும் பங்கும் 20இலிருந்து 25 சதவீதமாகியது. ரோட்டர்டாம் இருக்கும் நாட்டுக்கு இது சின்னத் தொகையல்ல.

இந்தத் தள்ளுபடிகளுக்கே மூலம் பிரிட்டன்தான், 1984இல் அதன் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஃபோந்தன்புளோ உச்சிமாநாட்டில் வாங்கியது. அவர் நாடு போனதும் "தள்ளுபடிகளையே ஒழிப்போம்" என்ற குரல் எழுந்தது. ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி யூரோ நிகரமாகக் கொடுத்துவந்த நாடு போய்விட்டதால் பட்ஜெட்டில் பள்ளம் வேறு. அந்தச் சூழலில் தள்ளுபடியைக் காப்பாற்றி, கூட்டியும் வாங்கியது கெட்டிக்காரத்தனம்தான்.

மறைவிலை இரண்டு. ஒன்று, பணத்தில் ஜெயித்து கொள்கையில் தோற்றார்கள்: எதை எதிர்த்து அணி திரண்டதோ, அந்தப் பொதுக்கடன் நிறைவேறிவிட்டது. இரண்டு, பெயர். 2020 மார்ச்சில், பெருந்தொற்று இத்தாலியையும் ஸ்பெயினையும் உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சில நாடுகளிடம் ஏன் நிதிச் சேமிப்பு இல்லை என்று ஆராயவேண்டும் என ஹூக்ஸ்ட்ரா பேசினார். போர்ச்சுகல் பிரதமர் அன்டோனியோ கோஸ்டா அதை அருவருப்பானது என்று பகிரங்கமாகச் சாடினார். முன்பு லண்டன் வாங்கிக்கொண்ட வசவு அது. கோஸ்டா பின்னாளில், 2024 டிசம்பரில், உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சிலின் தலைவரானார். ஒன்றியத்தில் யாரைப் பகைக்கிறோம் என்பதற்கு நீண்ட நினைவு உண்டு.

நிலைப்பும் சந்தேகம்தான். 2025 ஜூனில் டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரெடரிக்சன், பாதுகாப்புச் செலவே இனி முதன்மை என்று சொல்லிச் சிக்கன அணியிலிருந்து விலகிக்கொண்டார்.

## வழி 3: எதிர்முனையில் ஒரு துணை

பலரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத வழி. ஆனால் பெரும்பான்மை வாக்குள்ள விஷயங்களில் இதுதான் அதிகம் பலன் தருகிறது என்று நினைக்கிறேன்.

2021 மார்ச்சில் நெதர்லாந்தும் ஸ்பெயினும் ஐரோப்பாவின் 'மூலோபாயத் தன்னாட்சி' (பிறரை அதிகம் சாராமல் தானே முடிவெடுக்கும் திறன்) பற்றி ஒரு கூட்டு ஆவணம் வெளியிட்டன. 2022 ஏப்ரலில் இரு நாட்டு நிதியமைச்சர்கள் சிக்ரிட் காக்கும் நாடியா கல்வின்யோவும் பட்ஜெட் கட்டுப்பாட்டு விதிகளை எப்படித் திருத்தலாம் என்று சேர்ந்து எழுதினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மீட்பு நிதி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த நாடுகள் இவை. இதன் வலிமை எண்ணில் இல்லை; இரண்டும் சேர்ந்தாலும் 15 சதவீதத்துக்குக் கீழேதான். வடக்கும் தெற்கும் ஒரே தாளில் கையெழுத்திட்டால் நடுவில் நிற்பவர்களுக்கு ஒதுங்க இடமில்லை, ஆணையமும் அதை எடுத்துப் படிக்கும். தடுப்பது போய், மற்றவர்கள் எதைப் பேசுவது என்று முடிவு செய்யும் இடத்துக்கு வருகிறார்கள். 2024 ஏப்ரலில் புதிய விதிகள் நிறைவேறியபோது, நாட்டுக்கு நாடு தனித்தனிப் பாதை என்ற யோசனை அதில் இருந்தது. காக்கும் கல்வின்யோவும் வலியுறுத்தியதும் அதைத்தான்.

பிரான்சோடும் இப்படி நடந்தது. வர்த்தக ஒப்பந்தங்களில் சுற்றுச்சூழல், தொழிலாளர் நிபந்தனைகளை இறுக்கவேண்டும் என்று 2020 மே மாதத்தில் இருவரும் கூட்டாகச் சொன்னார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் விமான நிறுவனத்தில் பிரெஞ்சு அரசின் பிடிக்கு ஈடுகட்ட நெதர்லாந்து அரசு முன்னறிவிப்பின்றி பங்குகளை வாங்கி 14 சதவீதத்தை எட்டியிருந்தது. சந்தேகமும் கூட்டும் ஒரே வீட்டில் வாழலாம்.

விலை? உள்நாட்டில் கட்டவேண்டும். "தெற்கோடு சமரசமா?" என்று நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவையில் கேள்வி எழும். ஒவ்வொரு விஷயத்துக்கும் புதிதாகப் பேசவேண்டும், ஸ்பெயின் ஆவணத்தின் உறவு இத்தாலி விவகாரத்துக்கு உதவாது. தூதரகத்தில் ஆள்பலமும் அமைச்சர்களிடம் பொறுமையும் உள்ள நாட்டுக்கே இது ஆகும். இரு அமைச்சர்களுக்குள் ஒத்துப்போவதை நம்பியே நிற்பதால், ஒருவர் மாறினால் நூல் அறுந்துவிடும்.

## வழி 4: ஆணையமும் நாடாளுமன்றமும்

சட்ட முன்மொழிவை எழுதும் பேனா பெரும்பாலும் ஆணையத்தின் கையில். சிறிய நாடுகளுக்கு இயல்பான காவல் அது என்பது பழைய பாடம். ஒன்றியத்தின் காலநிலைத் திட்டமான பசுமை ஒப்பந்தத்தை 2023 வரை முன்னெடுத்தவர் ஆணையத்தில் நெதர்லாந்தின் உறுப்பினராக (ஆணையர்) இருந்த ஃபிரான்ஸ் டிமர்மன்ஸ். அவருக்குப் பின் காலநிலைப் பொறுப்புக்கு வந்தவர் யார் தெரியுமா? ஹன்சா அணியின் அதே ஹூக்ஸ்ட்ரா.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நேரடி லாபமே இருந்தது. பிரிட்டனின் 73 இடங்களில் 46ஐ ஒதுக்கிவைத்துவிட்டு 27ஐப் பங்கிட்டார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் ஐந்தைந்து, இத்தாலிக்கும் நெதர்லாந்துக்கும் மும்மூன்று. 96 என்ற உச்சவரம்பில் நின்ற ஜெர்மனிக்கு ஒன்றும் இல்லை. "ஜெர்மனி ராஜ்ஜியம்" என்ற வரி பாதிதான் சரி என்றதற்கு இதுவும் ஒரு காரணம். லண்டனிலிருந்த ஐரோப்பிய மருந்து முகமை ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தது. மிலானோடு வாக்கு சமமாகி, சீட்டுக் குலுக்கித் தீர்ந்தது.

ஆனால் ஆணையர் தன் நாட்டின் உத்தரவை ஏற்கக்கூடாது என்பது விதி. அவரைத் தன் தூதராக நினைக்கும் அரசு ஏமாறும். நுட்பமான சட்டங்களின் வரைவு நிலையில், மற்றவர்கள் கவனிக்காத கட்டத்தில், இந்த வழி சிறந்தது. பட்ஜெட் இரவுகளில் பயன்படாது.

## வழி 5: தனி வீட்டோ

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை, பிரிட்டனே பரிசோதித்துக் காட்டிவிட்டது. 2011 டிசம்பரில் அதன் பிரதமர் டேவிட் கேமரன் யூரோ நெருக்கடிக்கான ஒப்பந்தத் திருத்தத்தைத் தடுத்தார். மற்றவர்களில் 25 நாடுகள் 2012 மார்ச்சில் ஒன்றியத்தின் சட்டத்துக்கு வெளியே தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அறையில் அவருக்கு நாற்காலி இல்லாமல் போனதுதான் மிச்சம். உயிர்நாடியான ஒரு விஷயத்துக்கு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கலாம்.

பிரிட்டன் வழியே தானும் வெளியேறுவது என்ற ஆறாவது யோசனையும் நெதர்லாந்து அரசியலில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஒற்றைச் சந்தைக்குள் இருக்கும் நார்வே அதன் விதிகளை ஏற்கிறது, வாக்களிப்பதில்லை. அதிகாரம் குறைந்துவிட்டது என்று வருந்தும் நாட்டுக்கு இது மருந்தாகாது.

## அப்படியானால் எது?

நண்பரைத் தேர்ந்தெடுக்கும் முன் வாக்கு விதியைப் பார்க்கவேண்டும். ஒருமித்த சம்மதம் தேவையென்றால் இரண்டாவது வழி, மூன்று நாலு பேர் கூட இருந்தால் போதும். பெரும்பான்மை வாக்கென்றால் இரண்டாவது வழி வீண். மூன்றாவதை முன்வைத்து, ஜெர்மனியின் நலன் ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் முதலாவதைச் சேர்க்கலாம். நான்காவது எப்போதும் பின்னணியில் ஓடவேண்டிய வேலை. ஒரே அணியை எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொள்வதுதான் நெதர்லாந்து 2018 முதல் 2020 வரை எடுத்த பாதை. பிரிட்டனைப் போல் ஒன்றை மறுபடி செய்ய முயன்றது அது, 11 சதவீதத்தை வைத்துக்கொண்டு.

அடுத்த சோதனை 2028–34 பட்ஜெட். 2025 ஜூலையில் ஆணையம் முன்வைத்த வரைவு சுமார் 2 லட்சம் கோடி யூரோ. அதில் நாடுகளுக்கான தள்ளுபடிகள் இல்லை. ஒருமித்த சம்மதம் தேவைப்படும் மேசை என்பதால் நெதர்லாந்து கையில் எடுக்கவேண்டியது இரண்டாவது வழி. டென்மார்க் விலகிவிட்ட நிலையில் ஸ்வீடன், ஆஸ்திரியா, ஃபின்லாந்து ஆகியோரை முதலில் பிடிக்கவேண்டும். பெர்லின் கூட வந்தால் நல்லது, ஆனால் 2020 மே மாதத்தை நினைவில் வைத்து அதை நம்பிக் கணக்குப் போடாமல் இருப்பதே மேல்.